சியோல் குளிரில் முதல் ஷீட் மாஸ்க்: வறண்ட முகத்தோடு போகிறவர்களுக்கு

ஜனவரியில் வேலை விஷயமாகப் பத்து நாள் சியோல் போயிருந்தேன். இரண்டாம் நாள் காலையிலேயே மூக்கின் இரு பக்கமும் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டது. சிரித்தால் கன்னம் இழுத்தது. "கொரியாவில் இருந்துகொண்டு முகம் காய்ந்து கிடப்பதா" என்று அன்று இரவே ஒரு கடையில் கண்ணில் பட்ட ஷீட் மாஸ்க்கை (எசென்ஸ் என்னும் சாற்றில் ஊறிய, முகத்தில் ஒட்டும் மெல்லிய துணி) வாங்கி ஒட்டினேன். ஐந்தாவது நிமிடம் மேலுதடு பற்றி எரிந்தது. பிய்த்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், திருஷ்டிப் பொம்மைக்கு மீசை வரைந்த மாதிரி ஒரு சிவப்புப் பட்டை.

தப்பு மாஸ்க்கில் இல்லை. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் சென்னையில் புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் த்ரெடிங் செய்திருந்தேன். வாங்கியது வறட்சிக்கான மாஸ்க்கே இல்லை, முகம் வெளுக்க வைப்பதாகச் சொல்லும் வகை. உறையில் இருந்த எழுத்தில் ஒன்றையும் நான் படிக்கவில்லை. அடுத்த ஒரு வாரத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் இந்த வரிசையிலேயே செய்யலாம்.

1. கிளம்புவதற்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியவை

த்ரெடிங், வாக்சிங், ஃபேஷியல், பிளீச் எதுவானாலும் பயணத்துக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். நூல் இழுத்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அதன் மேல் எந்த எசென்ஸ் பட்டாலும் எரியும். ஆண்களுக்கு ஷேவிங்கும் இதே கணக்குத்தான்: ஷேவ் செய்த இரவில் மாஸ்க் வேண்டாம். தாடி வைத்திருப்பவர்களுக்குக் கீழ்ப் பாதி ஒட்டாது. அதற்காக மெனக்கெட வேண்டாம், நெற்றிக்கும் கன்னத்துக்கும் போட்டாலே போதும்.

ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் கலந்த க்ரீம் பூசுகிறவர்கள் அதையும் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தி வையுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தென்றால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள். மாஸ்க் இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது.

அதைவிட முக்கியம், உங்களுக்கு இருப்பது வெறும் வறட்சிதானா என்று பாருங்கள். இழுக்கிறது, லேசாக உரிகிறது என்றால் வறட்சி. சிவந்து அரிக்கிறது, வெடித்து நீர் கசிகிறது, ஏற்கெனவே எக்ஸிமா உண்டு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதல்ல, தோல் மருத்துவரைப் பாருங்கள்.

2. பையில் இருக்க வேண்டியவை

ஒரு மாஸ்க்குக்கு என்ன ஆவணம் என்று நானும் சிரித்தேன். இவை தேவைப்பட்டன:

- அசல் பாஸ்போர்ட். கொரியாவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரித் தள்ளுபடி உண்டு. போனில் இருக்கும் படத்தை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். நான் ஓட்டல் பெட்டகத்தில் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் போய் ஒருமுறை அந்தத் தள்ளுபடியை விட்டேன்.
- மருந்துக் களிம்பு கொண்டுபோனால் அதற்கு மருத்துவர் எழுதிய சீட்டு.
- உங்களுக்கு ஒவ்வாத பொருட்களின் பட்டியல், போனில். கடையில் நின்று யோசித்தால் நினைவுக்கு வராது.
- பாபாகோ போன்ற ஒரு மொழிபெயர்ப்புச் செயலி. கேமராவை உறைமேல் காட்டினால் கொரிய எழுத்தைப் படித்துச் சொல்லும். ஊரிலேயே இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.
- நுரை குறைந்த ஃபேஸ்வாஷ், நீங்கள் வழக்கமாகப் பூசும் க்ரீம். 2024 மார்ச் கடைசியிலிருந்து, 50 அறையும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்கள் ஒருமுறை பயன்படுத்தும் பல் துலக்கி, பற்பசை, ஷாம்பு, ரேசர் போன்றவற்றை இலவசமாகத் தரக்கூடாது என்று அங்கே விதி. ஆகவே குளியலறையில் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.
- ஒரு மஞ்சப்பை. கடைகளில் பைக்குத் தனியாகக் காசு.

3. எங்கே வாங்குவது, என்ன விலை

முதலில் ஒரு சொல். கடையில் "மாஸ்க்" என்று மட்டும் கேட்டால் வாயை மூடும் முகக்கவசத்தைக் காட்டுவார்கள். "மாஸ்க்பேக்" என்று கேளுங்கள்.

சியோலின் கடைத்தெருப் பகுதிகளான மியோங்டோங்கிலும் ஹோங்டேயிலும் பத்தடிக்கு ஒரு அழகுப்பொருள் கடை. ஆலிவ் யங் போன்ற பெரிய சங்கிலிக் கடைகளில் ஒற்றை உறை பெரும்பாலும் 1,000 முதல் 4,000 வோன் வரை. நான் போனபோது 1,000 வோன் நம்மூர்க் காசில் சுமார் 60 ரூபாய். டைசோ என்ற மலிவு விலைக் கடையில் எந்தப் பொருளும் 5,000 வோனைத் தாண்டாது, அங்கேயும் மாஸ்க் உண்டு. நடு இரவில் தேவைப்பட்டால் தெருமுனைக் கன்வீனியன்ஸ் கடையில் ஒற்றை உறை கிடைக்கும், தேர்வு குறைவு.

விழக்கூடாத குழி ஒன்று உண்டு: "ஒன்று வாங்கினால் ஒன்று", "பத்து எடுத்தால் பத்து" என்ற அட்டைகள். முதல் நாளே இருபது உறை வாங்கிவிட்டு, தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இருபதையும் என்ன செய்வது? முதல் நாள் மூன்று வகையில் ஒவ்வொன்று மட்டும் வாங்குங்கள். பெட்டி வாங்குவது கடைசி நாளுக்கு முந்தின நாள். வாசலில் நின்று ஒரு உறையை இனாமாக நீட்டி உள்ளே அழைப்பதும் அந்தத் தெருக்களில் வழக்கம். வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, அதற்காக உள்ளே போய் 60,000 வோனுக்கு க்ரீம் வாங்க வேண்டிய கடமையும் இல்லை.

வரித் தள்ளுபடிக்கு ஒரே ரசீதில் 15,000 வோனாவது வாங்கியிருக்க வேண்டும். கடை வாசலில் "டாக்ஸ் ஃப்ரீ" பலகை இருக்கிறதா பாருங்கள். சில கடைகளில் பில் போடும்போதே கழித்துவிடுவார்கள். மற்ற கடைகளில் தரும் சீட்டை விமான நிலையத்தில் இயந்திரத்தில் காட்ட வேண்டும். வாங்கிய 3 மாதத்துக்குள் நாட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், பொருளைப் பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. அதனால் அங்கேயே போடப்போகும் உறைகளை ஒரு பில்லிலும், ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளை வேறொரு பில்லிலும் போடச் சொல்லுங்கள். அங்கே வரி 10 சதவீதம், ஆனால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

4. உறையைப் படிக்கும் விதம்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான்.

உறையின் முன்பக்கம் பழம், பூ, பனித்துளி என்று என்னென்னவோ இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். மொழிபெயர்ப்புச் செயலி "ஈரப்பதம்" என்று காட்டினால் (கொரியத்தில் சூபுன், போஸுப்) எடுங்கள். "ஆற்றுதல்" என்று காட்டினால் (ஜின்ஜோங்) எடுக்கலாம். "வெண்மை", "பிரகாசம்" என்று வந்தால் (மிபேக்) திருப்பி வையுங்கள். காய்ந்து வெடித்த தோலுக்குத் தண்ணீர்தான் வேண்டும். நிறம் மாற்றுகிறேன் என்று வருகிற பொருளுக்கு அங்கே என்ன வேலை? விற்பனைப் பெண்ணிடம் "கொன்சொங்" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினால் வறண்ட தோல் என்று புரிந்துகொள்வார்.

பின்பக்கம் பொருட்பட்டியல். அதிகம் உள்ளது முதலில் வரும். கிளிசரின், ஹயலூரானிக் அமிலம், பாந்தெனால், பீட்டெய்ன், செராமைடு இருந்தால் நல்லது. முதல் ஐந்தாறு பெயருக்குள் எத்தனால் அல்லது வேறு ஆல்கஹால் வந்தால் வறண்ட முகத்துக்கு வேண்டாம். போட்டவுடன் ஜிலுஜிலுவென்று சுகமாக இருக்கும், அப்புறம் இன்னும் காயும். ஆனால் "செட்டைல் ஆல்கஹால்", "செட்டியரைல் ஆல்கஹால்" என்பவை வேறு, அவை கொழுப்பு வகை, பயப்பட வேண்டாம். மென்தால், வாசனைத் திரவியம், பெயரில் அமிலம் வரும் உரிப்பான்கள் ஆகியவை முதல் தடவைக்கு வேண்டாம். ஹயலூரானிக் அமிலத்துக்கும் பெயரில் அமிலம் உண்டு, அது உரிக்காது.

சைவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கொரிய மாஸ்க்குகளில் நத்தைச் சளி சாதாரணம். செயலி "நத்தை" என்று காட்டியதும் என்னோடு வந்த தோழி உறையைக் கீழே போட்டுவிட்டாள். கொலாஜன் பெரும்பாலும் மீன் தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ வருவது. குதிரைக் கொழுப்பும் உண்டு, பறவைக் கூடும் உண்டு. தேன், புரோபோலிஸ் (தேனீக்கள் சேர்க்கும் பிசின்) உள்ளவை தேனீப் பொருட்கள் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து. கற்றாழை, அரிசி, பச்சைத் தேயிலை, கொத்தமல்லியின் உறவான வல்லாரை என்று செடி வகைகளும் ஏராளம், திண்டாட வேண்டியதில்லை. அங்கே "சிக்கா" என்று கொட்டை எழுத்தில் போடுவது நம்ம வல்லாரையைத்தான். அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அச்சிடுவார்கள். அதன் பக்கத்தில் "ஜேஜோ" என்ற கொரிய எழுத்து இருந்தால் அது தயாரித்த தேதி, "காஜி" என்று இருந்தால் அதுவரை பயன்படுத்தலாம். இரண்டு தேதியும் இருக்கும் உறையும் உண்டு, ஒன்று மட்டும் இருக்கும் உறையும் உண்டு. தயாரித்த தேதியைக் காலாவதி என்று நினைத்து நல்ல உறையை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். தள்ளுபடிக் கூடையில் கிடப்பவற்றில் மறக்காமல் இதைப் பாருங்கள்.

துணி வகையில் மெல்லிய பருத்தியோ டென்சலோ (மரக்கூழில் செய்த மெல்லிய துணி) முதல் முறைக்குச் சரி. ஹைட்ரோஜெல் என்பது ஜெல்லி மாதிரி, மேல் பாதி கீழ் பாதி என இரண்டு துண்டாக வரும், வழுக்கி ஓடும், விலையும் கூடுதல்.

5. ஒரு நாள் சோதனை

வாங்கிய அன்றே முகத்தில் ஒட்டாதீர்கள். மூன்றில் ஒன்றைப் பிரித்து, அதன் எசென்ஸில் இரண்டு சொட்டைக் காதுக்குக் கீழே தாடை ஓரத்திலும் முழங்கையின் உள்பக்கத்திலும் தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லை என்றால் மறுநாள் அதே வகையில் வேறொரு புது உறையை வாங்கிப் போடுங்கள். பிரித்த உறையைக் கிளிப் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த நாள் போடுவது வேண்டாம், கிருமி சேரும். ஒரு உறை வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும்தான். மீதி எசென்ஸைக் கையிலும் குதிகாலிலும் தேயுங்கள், குளிரில் அவையும் வெடித்துத்தான் இருக்கும்.

பயணம் மூன்று நாள்தான் என்றால் சோதனைக்கு நேரம் இருக்காது. அப்படியானால் மாஸ்க்கை ஊருக்குக் கொண்டுவந்தே போடுங்கள்.

6. போடும் இரவு

நேரம்: வெளியே சுற்றி முடித்து, சாப்பிட்டு, இனி அறையை விட்டு எங்கும் போவதில்லை என்ற நிலையில். ஈர முகத்தோடு பூஜ்யத்துக்குக் கீழான காற்றில் இறங்கினால் இருந்ததைவிட மோசமாகும்.

அறை: கொரியாவில் பல அறைகளுக்குத் தரைக்கு அடியிலிருந்து சூடு வரும், ஒண்டோல் என்பார்கள். பாதம் சுகமாக இருக்கும், காற்றோ அப்பளம் காய வைக்கலாம் போல வறண்டிருக்கும். சூட்டை ஓரிரு டிகிரி குறையுங்கள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நாற்காலி முதுகில் விரித்துப் போடுங்கள். என் கணக்கில் இந்த ஈரத்துண்டுக்கு மாஸ்க்குக்குச் சமமான மதிப்பெண்.

முகம் கழுவுவது: வெதுவெதுப்பான தண்ணீரில். குளிருக்குச் சுகமாக இருக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க ஷவரில் நிற்பதுதான் பாதி வறட்சிக்குக் காரணம். பொட்டின் பசை, விபூதி, குங்குமம், சன்ஸ்கிரீன் எல்லாம் போக வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் அதுவும் போக வேண்டும், எண்ணெய்க்கு மேல் நீர்ச் சாறு ஒட்டாமல் வழியும். மூக்குத்தி போட்டிருப்பவர்கள் கழற்றிவிடுங்கள், அல்லது துணியில் அந்த இடத்தை ஒரு சிறு வெட்டு வெட்டிக்கொள்ளுங்கள். எனக்குத் திருகாணியில் நூல் மாட்டிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒட்டுவது: உறையைக் கிழித்துத் துணியை எடுத்து விரியுங்கள். பல மாஸ்க்குகளில் துணியோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளோ வலையோ சேர்ந்து மடிந்திருக்கும். வடிவம் கலையாமல் இருக்க வைத்த தாங்கி அது. என் இரண்டாவது முயற்சியில் அந்த வழவழப்பான தாளையே முகத்தில் ஒட்டி, "என்ன இது, நிற்கவே மாட்டேன் என்கிறதே" என்று கால் மணி நேரம் அண்ணாந்து படுத்திருந்தேன். நிஜ மாஸ்க் உறைக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. எது மிருதுவாக, சொதசொதவென்று இருக்கிறதோ அதுதான் முகத்துக்கு.

முதலில் கண் ஓட்டைகளைப் பொருத்துங்கள், பிறகு நெற்றி, மூக்கு, கன்னம், கடைசியாகத் தாடை. ஓரத்தில் காற்றுக் குமிழ் நின்றால் அங்கே வெட்டியிருக்கும் பிளவை மடித்து ஒட்டுங்கள். அளவு சரியாக இருக்காது, மூக்கில் தூக்கி நிற்கும், பரவாயில்லை.

நேரம்: அலாரம் வையுங்கள், 15 நிமிடம். உறையில் 10 முதல் 20 வரை போட்டிருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள். காசு கொடுத்தோமே, முழுதும் உறிஞ்சட்டும் என்று அப்படியே தூங்கிப்போவது புதியவர்களின் நிரந்தரத் தப்பு. துணி காய்ந்து விறைத்தால் முகமும் அதோடு இழுத்துக்கொள்ளும். ஓரம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். அறை மிக வறண்டிருந்தால் 10 நிமிடத்திலேயே ஓரம் காயும், அப்போதே எடுங்கள்.

முதல் சில வினாடிகள் லேசாகக் குறுகுறுத்தால் பொறுக்கலாம். எரிந்தால், அரித்தால், பொறுக்காதீர்கள். எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். உதடோ இமையோ வீங்கினால், மூச்சு முட்டினால் கொரியாவில் ஆம்புலன்ஸுக்கு 119. மொழி புரியாமல் தவித்தால் சுற்றுலாப் பயணிகளுக்கான 1330 எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம்.

எடுத்தபின்: கழுவ வேண்டாம். விரல் நுனியால் தட்டித் தட்டி ஒரு நிமிடம். பிறகு, முகம் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே, க்ரீம். இதை விட்டால் போட்டது வீண். மாஸ்க் தருவது தண்ணீர், அந்தத் தண்ணீர் சீக்கிரமே பறந்துவிடும். க்ரீம்தான் அதை மூடி வைக்கும். செராமைடு க்ரீம் நல்லது, இல்லையென்றால் வழக்கமான கெட்டி க்ரீமே போதும். மூக்கோரம், உதடு, உரிந்த இடங்களில் வாசலின் ஒரு துளி. முகப்பரு வருகிறவர்கள் மட்டும் வாசலினுக்குப் பதில் லேசான க்ரீமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை போதும். பத்து நாளில் நான் நான்கு போட்டேன், நடுவில் வெறும் க்ரீம். பயன்படுத்திய துணி குப்பைக் கூடைக்கு. கழிப்பறையில் போட்டு ஃபிளஷ் செய்யாதீர்கள்.

7. விமானத்தில் போடலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. துணி சீக்கிரம் காயும், கை கழுவ வசதி குறைவு, விளக்கணைத்த பிறகு பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால் அலறுவார். ஏறும் முன் கெட்டியாக க்ரீம், நடுவில் ஒருமுறை மறுபடி க்ரீம், உதட்டுக்கு வாசலின். இறங்கிய இரவு மாஸ்க்.

8. ஊருக்குக் கொண்டுவருவது

ஒரு உறையில் 20 முதல் 25 மி.லி. எசென்ஸ் இருக்கும். கைப்பையில் வைத்தால் அதைத் திரவமாகக் கணக்கிடுவார்கள் என்று எண்ணியே அடுக்குங்கள்: 1 லிட்டர் ஒளிபுகும் பைக்குள், மற்ற குப்பிகளோடு சேர்த்து. கணக்குப்படி நாற்பது உறை வர வேண்டும், நிஜத்தில் உறையின் அகலத்துக்கு நாலைந்தைத் திணிப்பதற்குள் பை வாய் பிளக்கும். ஆகவே பெட்டிகள் எல்லாம் செக்-இன் பெட்டியில். நான் கடைசி நேரத்தில் எடை கூடிவிட்டதென்று ஒரு பெட்டியைக் கைப்பைக்கு மாற்றி, பாதுகாப்புச் சோதனையில் எட்டு உறையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினால் முத்திரையிட்ட பையில் போட்டுத் தருவார்கள். அதை வீடு சேரும்வரை பிரிக்காதீர்கள், ரசீது பைக்குள்ளேயே இருக்கட்டும். சிங்கப்பூர் வழியாகச் சென்னை வருகிறவர்கள் கவனிக்க: அங்குள்ள சாங்கி விமான நிலையத்தின் பெரும்பாலான முனையங்களில் சோதனை ஏறும் வாயிலில் நடக்கும், அதனால் நடுவில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

சீட்டைக் காட்டி வரி திரும்பப் பெறுகிறவர்கள் இஞ்சோன் விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே போங்கள். சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொன்னால், பெட்டியை விமானத்தில் போட்ட பிறகு காட்ட முடியாது. முதலில் வரி இயந்திரம், பிறகு செக்-இன்.

என் மொத்தக் கணக்கு: ஒற்றை உறைகள் ஆறு, 12,000 வோன். பத்து உறைப் பெட்டி ஒன்று, 13,000. செராமைடு க்ரீம் 18,000. ஆக 43,000 வோன், ஏறக்குறைய 2,600 ரூபாய். வரியில் திரும்பி வந்தது இரண்டாயிரம் வோன் சொச்சம், இஞ்சோனில் ஒரு காப்பிக்குக்கூடக் காணவில்லை. சோதனையில் விட்டுவந்த எட்டு போக, ஊருக்கு வந்து சேர்ந்தவை இரண்டு உறை. சென்னை வெயிலில் அவற்றைக் காருக்குள்ளோ ஜன்னலோரத்திலோ வைக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.